பெர்க்குளோரேட் தண்ணீர்: ரெசினா, பாக்டீரியாவா?

சிவகாசிப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசு ஆலையில் கழுவுநீரைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. மூன்று வருடம் ரெசின் ஓட்டினேன்; தண்ணீரில் கரைந்ததைப் பிடித்துவைக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள்தான் அது. கடந்த ஒன்றரை வருடமாக பாக்டீரியா. என் மனம் பாக்டீரியா பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டாசு மருந்தில் சேரும் பெர்க்குளோரேட் என்ற உப்பு தண்ணீரில் கரைந்துவிட்டால் மண்ணில் ஒட்டாது, கொதிக்க வைத்தாலும் போகாது. தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும்தான் கவலை அதிகம். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17 மாதிரிகள் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அமெரிக்க வழிகாட்டு அளவைத் தாண்டின. நிலத்தடி நீரில் கண்ட உச்ச அளவு 7,690. நாம் குடிக்கும் கிணறு இதில் எந்தப் பக்கம் என்று பரிசோதிக்காமல் தெரியாது.

ஆர்.ஓ. வீட்டுக்குச் சரி. ஆலைக்கு வேண்டாம். அது தள்ளிவிடும் தண்ணீரில் பெர்க்குளோரேட் இன்னும் அடர்த்தியாகத்தான் இருக்கும்.

ரெசினைப் பற்றிக் குறை சொல்ல மனமில்லை. சுவிட்சைப் போட்டால் அன்றைக்கே வேலை செய்யும், படிக்காத ஆளும் ஓட்டலாம். பெர்க்குளோரேட்டைப் பிடித்துக்கொண்டு, சமையல் உப்பில் இருக்கும் குளோரைடை விட்டுவிடும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் பிடித்ததை அது அழிப்பதில்லை. ரெசின் நிறைந்ததும் உப்புக்கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். பெர்க்குளோரேட் ரெசினை லேசில் விடாது என்பதால் உப்பும் மூட்டை மூட்டையாகப் போகும். கடைசியில் நம் கையில் மிஞ்சுவது பெர்க்குளோரேட் கரைந்த உப்புநீர். அதை எங்கே கொட்டுவது?

எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை கட்டின. ஓர் ஐப்பசி மழையில் மூன்றாவது தொட்டியின் மூடி பறந்து, தண்ணீர் விளிம்பு வரை ஏறிவிட்டது. பத்தடி தள்ளி ஓடை. ராத்திரி ஒன்பது மணிக்கு வாளியால் மொண்டு வேறு டிரம்மில் ஊற்றினோம். அன்றுதான் முடிவெடுத்தேன். பெர்க்குளோரேட்டை மட்டும் தேர்ந்து பிடிக்கும் ரெசினும் உண்டு, நீண்ட நாள் வரும். ஆனால் சாதாரண உப்புக்கு அது மசியாது. நிறைந்ததும் எரிக்கத்தான் அனுப்ப வேண்டும்.

பாக்டீரியா செய்வது வேறு வேலை. காற்றில்லாத இடத்தில் அது ஆக்சிஜனுக்குப் பதிலாக பெர்க்குளோரேட்டைச் சுவாசிக்கிறது. பெர்க்குளோரேட் குளோரேட்டாகி, குளோரைட்டாகி, கடைசியில் சாதாரண குளோரைடும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடுகிறது. மிஞ்சுவது கொஞ்சம் சேறு மட்டும். விதைக்கு எங்கேயும் அலைய வேண்டாம்; சாக்கடைச் சுத்திகரிப்புச் சேற்றிலேயே இந்த இனங்கள் இருக்கின்றன. சரளைக்கல் நிரப்பிய மூடிய தொட்டியில் சேற்றை விட்டு, தீனியாக வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைக் காரம் சேர்த்துச் சமன் செய்து சொட்டவிட்டோம். அமெரிக்காவில் நெவாடாவின் ஹெண்டர்சனில், ஆலைக் கழிவால் கெட்ட நிலத்தடி நீரைப் பல வருடமாக பாக்டீரியாவைக் கொண்டுதான் சுத்தம் செய்கிறார்கள். அங்கே தீனி எத்தனால்.

பராமரிப்பு கூடுதல், அதை மறைக்க மாட்டேன். பாக்டீரியா முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கும், அப்புறம் நைட்ரேட்டை, அதற்குப் பிறகுதான் பெர்க்குளோரேட் பக்கம் திரும்பும். எங்கள் தண்ணீரில் நைட்ரேட் அதிகம், தீனியில் பெரும்பங்கு அதற்கே போகிறது. தீனி குறைந்தால் பெர்க்குளோரேட் தப்பிவிடும். கூடினால் சல்பேட்டில் கை வைத்துவிடும், தொட்டியைத் திறந்தால் கூமுட்டை நாற்றம். காலையில் மீட்டரைப் பார்க்கும் முன் மோந்துதான் பார்க்கிறேன்.

தீபாவளி முடிந்து ஆலை மூடும் வாரங்கள் இன்னொரு சோதனை. முதல் வருடம் தொட்டியை அப்படியே விட்டுவிட்டோம். திரும்பப் பழைய நிலைக்கு வர ஒன்பது நாள் ஆனது. அடுத்த முறை தண்ணீரைச் சுற்றவிட்டு, தீனியும், பெர்க்குளோரேட் வராத நாளில் சுவாசிக்கத் துளி நைட்ரேட்டும் கொடுத்துவந்தோம். மூன்றே நாளில் எழுந்துவிட்டது. எங்கள் வெயிலும் அதற்குத் தோதுதான்.

குடிநீர் என்றால் எனக்கு அனுபவம் இல்லை. கலிஃபோர்னியாவின் ரியால்டோவில் பாக்டீரியாவால் சுத்தம் செய்த தண்ணீரைக் குடிநீராகவே கொடுக்கிறார்கள். ஆனால் அதற்குக் காற்றேற்றி, வடிகட்டி, கிருமி நீக்கி, ஆள் போட்டுக் கண்காணிக்க வேண்டும். ஒரு சிற்றூரின் மேல்நிலைத் தொட்டிக்கு என்னைக் கேட்டால், இன்றைக்கு ரெசினைத்தான் சொல்வேன். உப்புநீருக்கு வழி செய்துவிட்டுத் தொடங்கச் சொல்வேன்.

பின்னால் நின்ற அந்த மூன்று தொட்டி உப்புநீரையும் பாக்டீரியாவுக்கே கொடுத்துவருகிறோம். உப்பு கூடினால் அது சோர்ந்துவிடும் என்பதால் நாளுக்கு ஒரு வாளி மட்டும், கழுவுநீரில் கலந்து. இரண்டு தொட்டி காலி. மூன்றாவதில் பாதி இருக்கிறது.