கடற்பறவை எலும்பு வார்ப்புப் பெட்டி: வார்ப்பு அருமை, சீட்டு மோசம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதியை ஒட்டிய ஒரு பழம்பொருள் கடையில், எனாமல் தூக்குகளுக்கும் மரப்பெட்டிகளுக்கும் நடுவே, பழங்காலக் கடற்பறவைகளின் எலும்பு வார்ப்புகள் அடங்கிய இறக்குமதிப் பெட்டி ஒன்று 4,800 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. எங்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்துக்காக அதை வாங்கினோம். மான்கல்லா என்னும் பறக்காத கடற்பறவையின் மேற்கை எலும்பு, அதன் முன்கை எலும்பின் உடைந்த துண்டு, சிப்பி பதிந்த மணற்கல் கட்டி, பல்போன்ற முட்களுடைய அலகுத் துண்டு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. நான்குமே ரெசின் வார்ப்புகள். அசல் புதைபடிவம் எதுவும் இல்லை. இருப்பதாகக் கடைக்காரரும் சொல்லவில்லை.

பெட்டியின் மதிப்பு முழுவதும் அந்த மேற்கை எலும்பில்தான் இருக்கிறது. பறக்கும் பறவையின் மேற்கை எலும்பு பொதுவாக உருண்டையாகவும் மெல்லிய சுவருடன் உள்ளே கூடாகவும் இருக்கும். இதுவோ இருபுறமும் அழுத்தப்பட்டதுபோல் தட்டையாக, லேசாக வளைந்து, விரல்களுக்கிடையே வைத்துத் திருப்பினால் துடுப்பின் அலகு போலவே படுகிறது. தசை பற்றியிருந்த மேடுகளும் பள்ளங்களும் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குத் துல்லியமாக வந்திருக்கின்றன. முன்கை எலும்புத் துண்டில் உடைந்த முனையை மழுக்காமல் விட்டது நல்ல யோசனை. அந்த முனையில் தெரியும் சுவரின் தடிமனைப் பார்த்த மாணவர்கள், காற்றில் எழுவதற்கு உதவாத இந்தக் கனமான எலும்பு, நீருக்குள் மூழ்கி இறக்கையாலேயே நீந்தும் பறவைக்கு எப்படிப் பயன்பட்டிருக்கும் என்பதைத் தாங்களாகவே ஊகித்துவிட்டார்கள். 1901ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் லூகாஸ் இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டபோது அவர் கையில் இருந்ததும், லாஸ் ஏஞ்சலீஸில் சுரங்கப்பாதை தோண்டியபோது கிடைத்த ஒரு மேற்கை எலும்புதான். அந்த ஒற்றை எலும்பைக் கொண்டே இது பறக்காத பறவை என்று அவர் எப்படிச் சொல்ல முடிந்தது என்பது இந்த வார்ப்பைத் தொட்டுப் பார்த்தாலே விளங்கிவிடும்.

மணற்கல் கட்டி சான் டியேகோ படிவத்தைச் சேர்ந்தது. கலிபோர்னியாவின் தென்கோடியில், சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பிளையோசீன் காலக் கடலின் அடியில் படிந்த மென்மையான மணற்கல் அது. சாலைக்கும் வீட்டுமனைக்கும் மண் வெட்டும்போதெல்லாம் அங்கே திமிங்கலங்களும், தந்தத்தைத் தவிர வேறு பல்லே இல்லாத ஒருவகை வால்ரஸும், பெரிய கடற்பசுக்களும், எண்ணற்ற பறவை எலும்புகளும் வெளிப்பட்டிருக்கின்றன. தொண்டிப் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் விலங்கின் குடும்பத்தைச் சேர்ந்ததே அந்தக் கடற்பசு என்று சொன்னதும் வகுப்பில் ஏற்பட்ட சலசலப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கட்டியில் பதிந்திருப்பது பாட்டினோபெக்டன் ஹீலேயி என்னும் விசிறிச் சிப்பி. சிப்பியின் விலாக்கள் தெளிவாக உள்ளன. ஆனால் மணல் மட்டும் பசையில் தூவி ஒட்டியது, தேய்த்தால் உதிர்கிறது.

இனி, உள்ளே வைத்திருக்கும் சீட்டு. மான்கல்லாவை அது "பழங்காலப் பென்குயின்" என்கிறது. இது சிறு பிழையன்று. பென்குயின்கள் தென்கோளத்துக் கடல்களில் உருவான வேறொரு கிளை. மான்கல்லா, வடகோளத்துக் கடல்களில் மூழ்கி இரை தேடும் ஆக் பறவைகளின் உறவு. 1844ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தின் எல்டே தீவில் கடைசி இணையும் கொல்லப்பட்டு அற்றுப்போன பெரிய ஆக் பறவையும் பறக்காததுதான். ஆக் பறவைகள் அடங்கிய வரிசையில்தான் நம் கடற்கரை ஆலாவும், ஊருணிக் கரையில் ஆள் தலை தெரிந்ததும் கத்தித் தீர்க்கும் ஆள்காட்டியும் இருக்கின்றன. அதாவது இந்த எலும்புக்கு உரியவரின் தூரத்துச் சொந்தம் செட்டிநாட்டுக் கண்மாய்களில் இன்றும் உலவுகிறது. பெட்டியை விற்பதற்கு இதைவிடச் சுவையான செய்தி கிடைக்குமா? தொடர்பில்லாத இரண்டு கிளைகளுக்கு நீருக்கடியில் ஒரே வேலை ஒரேமாதிரி இறக்கையைத் தந்திருக்கிறது என்பதே இந்தப் பறவையின் சிறப்பு. அதைச் சீட்டு ஒரே சொல்லில் அழித்துவிட்டது.

அலகுத் துண்டில் குறை இன்னும் பெரிது. அது பெலகோர்னிஸ் என்னும் மாபெரும் கடற்பறவையினுடையது. பெரிய முள்ளும் சிறிய முள்ளும் மாறிமாறி வர, பற்குழி எதுவும் இல்லாமல் தாடை எலும்பே நேராக முள்ளாக நீண்டிருப்பதை வார்ப்பு மிக நேர்த்தியாகக் காட்டுகிறது. சீட்டோ அவற்றைப் பற்கள் என்கிறது. அசல் மாதிரி சிலி நாட்டின் பாயியா இங்ளேசா படிவத்திலிருந்து வந்ததைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, உள்ளே சான் டியேகோ கட்டியோடு ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர் இரண்டும் ஒரே கடலிலிருந்து வந்தவை என்றுதான் எடுத்துக்கொள்வார். 2010இல் விவரிக்கப்பட்ட அந்தச் சிலிப் பறவையின் சிறகு விரிப்பு 5 மீட்டருக்கும் அதிகம் என்ற தகவலும் சீட்டில் இல்லை. எந்த ஊர், எந்த அடுக்கு என்று சொல்லாத எலும்பு, வார்ப்பே ஆனாலும், பாதிச் சரக்குத்தான். அரியலூர்ப் பக்கம் வயலில் பொறுக்கிய சுருள் சிப்பியைக் கொண்டுவரும் மாணவனிடம் நான் முதலில் கேட்பது எந்த ஊர்க் குழி என்பதைத்தான்.

கடைக்காரர் மரியாதையானவர். பிழைகளைக் காட்டியபோது, "சார், சீட்டு பெட்டியோடயே வந்தது, நாங்க எழுதினதில்லை, வேணும்னா நீங்க திருத்தி எழுதிக் குடுங்க, அடுத்த பெட்டிக்குள்ள வச்சிடறேன்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்; வைத்தாரா என்பதை வாங்குபவர்கள் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மேற்கை எலும்பில் வார்ப்பு அச்சின் இணைப்புக் கோடு மெல்லியதாகத் தெரிகிறது, வண்ணம் எல்லா இடத்திலும் ஒரே பழுப்பு, இவை பொறுத்துக்கொள்ளக்கூடியவை. அந்த எலும்பு மட்டும் தனியாக 1,400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பள்ளிக்கு அதுவே போதும். அலகுத் துண்டுக்காக முழுப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை.