தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கும் கடைக்காரர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

முதன்முறையாக வீட்டில் மீன் வளர்க்க ஆசைப்பட்டு, அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொல்லி, ஒரு வண்ணமீன் கடைக்குச் சென்றேன். 40 லிட்டர் தொட்டி, ஃபில்டர், ஹீட்டர், கூழாங்கற்கள் ஆகியவற்றோடு 10 நியான் டெட்ராக்களையும், 2 தங்கமீன்களையும், கண்ணாடியில் படியும் பாசியைத் தின்றுவிடும் என்று சொல்லித் தரப்பட்ட ஒரு சக்கர் மீனையும் அன்றே வாங்கி வந்தேன். தண்ணீர் நிரப்பி எத்தனை நாள் கழித்து மீனை விட வேண்டும் என்று கேட்டதற்கு, குளோரின் நீக்கியைக் கலந்து அரை மணி நேரம் காத்திருந்தால் போதும் என்றார் கடைக்காரர். தண்ணீரும் பளிங்குபோல் தெளிந்திருந்ததால், மேற்கொண்டு எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள் டெட்ராக்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. மறுநாள் காலையில் மூன்று மிதந்தன. பதறிப்போய்க் கடைக்குச் சென்றபோது, தண்ணீரைச் சோதித்தீர்களா, எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல், இது பூஞ்சை நோய் என்று முடிவுகட்டி மெத்திலீன் புளூ குப்பியை விற்றார். அதன் பிறகும் சாவு நிற்கவில்லை. தொட்டி முழுவதையும் காலி செய்து, கற்களையும் ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பும்படி அடுத்த ஆலோசனை வந்தது. கூடவே 6 புதிய டெட்ராக்களும் வந்தன. ஒரு வாரத்துக்குள் அவற்றில் நான்கு இறந்தன.

மூன்றாவது முறை கடைக்குப் போவதற்கு முன்பாகத்தான், சொட்டுமுறையில் அம்மோனியாவை அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வேறோர் இடத்தில் வாங்கினேன். நல்ல தொட்டியில் மஞ்சளாகவே நிற்க வேண்டிய சோதனைக் குழாய், அட்டையின் கரும்பச்சைப் பகுதியோடு பொருந்தியது. கண்ணுக்குத் தெளிவாக இருந்த அந்தத் தண்ணீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லிகிராம் அம்மோனியா இருந்தது.

மீனின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா இடைவிடாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிரிகளும், அந்த நைட்ரைட்டை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும் வேறு வகை நுண்ணுயிரிகளும், ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டிக்கொண்டு பெருகுவதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். மீன் இல்லாத தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் சிட்டிகைத் தீனி போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறிப் பிறகு பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருப்பதே முறை. நைட்ரைட்டும் கொல்லும் என்பதை மறந்துவிட வேண்டாம்: அது ரத்தத்தின் பிராணவாயு சுமக்கும் திறனைக் கெடுப்பதால், காற்றுக்குமிழிகள் பொங்கும் தொட்டியிலேயே மீன் மூச்சுத் திணறும். என் குழாய்த் தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8 என்பது நிலைமையை மேலும் மோசமாக்கியது; பி.எச். 7 இலிருந்து 8 ஆக உயரும்போது, அம்மோனியாவில் நச்சாக இயங்கும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது.

இந்த அறிவோடு பழைய ஆலோசனைகளைத் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொன்றும் எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்ததாகவே இருக்கிறது. மெத்திலீன் புளூ, அரும்பத் தொடங்கியிருந்த நுண்ணுயிரிகளையே அழிக்கக் கூடியது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசியது மிச்சமிருந்தவற்றையும் துடைத்தெறிந்தது. (தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாகப் பிழிவதே போதுமானது, ஸ்பாஞ்ச் அழுக்காகத் தெரிவது குறையே அல்ல.) மீன்களின் சேர்க்கையும் தவறு. நியான் டெட்ராவுக்கு 24 டிகிரி அளவில் வெதுவெதுப்பும் மென்னீரும் வேண்டும். தங்கமீனோ குளிர்ந்த நீரை விரும்புவது, அளவுக்கு மீறிக் கழிவை வெளியிடுவது. சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும் என்பதை, அதை 40 லிட்டர் தொட்டிக்காக என் கையில் கொடுத்தபோது அவர் சொல்லவே இல்லை.

அளவீட்டைக் குறித்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீன் வளர்க்கக் கைராசி வேண்டும் சார், சிலருக்கு அது அமையாது" என்றார். சரி, அறியாமையால் பேசுகிறார் போலும் என்று நினைத்து, அவருடைய பழைய தொட்டி ஒன்றின் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சையாவது தர முடியுமா என்று கேட்டேன். (நோய்க்கிருமிகளும் கூடவே வரலாம் என்பதால் இது ஆபத்தில்லாத வழி அல்ல, ஆயினும் எஞ்சிய மீன்களைக் காப்பாற்ற எனக்கு வேறு விரைவான வழி தெரியவில்லை.) அவர் சிரித்துக்கொண்டே, "அதில்தான் சார் எல்லாமே இருக்கிறது, அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் என் தொட்டி என்னாவது?" என்றார். தொடக்கத்திலிருந்தே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்தும் புதிய மீனும் வாங்க நான் திரும்பத் திரும்ப வருவதற்காகவே அந்த அரை மணி நேரக் கணக்கைச் சொல்லியிருக்கிறார் என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆகவே, தொட்டி வாங்கும் கடையில் அன்றைக்கே மீனையும் எடுத்துச் செல்லும்படி வற்புறுத்தினால், தொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள். மீனுக்கு முன்னதாக அம்மோனியா, நைட்ரைட் சோதனைப் பெட்டிகளை வாங்குங்கள். என்னைப் போல ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள், தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகையாகக் குறைத்து, தினமும் கால்பங்குத் தண்ணீரை மட்டும், குளோரின் நீக்கி, அதே வெப்பநிலையில் மாற்றிவந்தால், பாதி மீன்களையாவது காப்பாற்ற வாய்ப்புண்டு. தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும் என்பது உண்மைதான். ஆனால் குளோரினுக்குப் பதிலாக, எளிதில் வெளியேறாத குளோரமைன் சேர்க்கப்படும் ஊர்களில் அது பலிக்காது, நீக்கி மருந்து கட்டாயம் வேண்டும்.

தங்கமீன்களையும் சக்கர் மீனையும் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். 16 டெட்ராக்களில் தப்பியவை மூன்று. நைட்ரைட் பூஜ்யத்தைத் தொட்டது 37ஆம் நாளில். கூட்டமாக வாழும் அந்த மீன்களுக்குத் துணையாக இன்னும் ஐந்தை, வேறு கடையிலிருந்து, அதற்கும் இரண்டு வாரம் கழித்துத்தான் விட்டேன்.