தனி ஆசிரியரிடம் பியானோ: கண்டிப்பு உண்டு, பலனும் உண்டு

காணொளி பார்த்துப் பியானோ கற்கலாம்தான். ஆனால் மணிக்கட்டு இறுகிப்போயிருப்பதைத் திரை கவனிக்காது. என் ஆசிரியை முதல் வகுப்பிலேயே கவனித்துவிட்டார். சி மேஜர் ஸ்கேலில், அதாவது சி-யில் தொடங்கும் ஸ்வர வரிசையில், வலது கையின் நடுவிரலுக்கு அடியில் கட்டைவிரல் நுழைந்து எஃப் கட்டையைத் தொட வேண்டும். அப்போது முழங்கை தூக்கிக்கொள்வது நிற்கும்வரை அடுத்த பக்கத்தைத் திருப்பவே விடவில்லை. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒவ்வொரு கையாக, பிறகுதான் இரண்டும் சேர்த்து. அலுப்புத்தான், மறுக்கவில்லை. ஒலியை நீட்டிக்கும் கால்மிதியான பெடலைக் காதால் பழக்கிய விதம்தான் அருமை: ஸ்வரங்களின் கூட்டு மாறும் அதே நொடியில் காலை எடுத்து உடனே மறுபடி மிதிக்க வேண்டும், இல்லையேல் ஒலி குழம்பிவிடும். குறை? புதிய இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம். நேரிலும் கேட்டுவிட்டேன், சிரித்து மழுப்பிவிட்டார்.