ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா: ரிக்டரா, பிரெண்டலா, கெம்ப்ஃபா?

பியானோ பதிவுகளைத் தரவரிசைப்படுத்தும் ரசிகர்களுக்குள் சில தீராத வழக்குகள் உண்டு. அதில் ரொம்பக் காரசாரமானது இசையமைப்பாளர் ஷூபர்ட் தனிப் பியானோவுக்கு எழுதிய கடைசி சொனாட்டா (நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு), அதாவது அவர் படைப்புகளுக்கு எண் கொடுக்கும் டாய்ச் பட்டியலில் 960ஆம் எண் உள்ள பி ஃப்ளாட் மேஜர் சொனாட்டா. ஒருவரின் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் பியானோ கலைஞர் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர், இன்னொருவரின் பட்டியலில் முதல் இருபதுக்குள்கூட வரமாட்டார். ஆல்ஃபிரட் பிரெண்டலுக்கும் இதே கதிதான். இரண்டு பக்கமும் நல்ல காது உள்ளவர்கள்தான். ஆனால் இந்த இசையிடம் அவர்கள் எதிர்பார்ப்பது வேறு வேறு. என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமலே ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிடுவதால் பேச்சு முட்டுச்சந்தில் போய் நிற்கிறது.

அதனால் இங்கே முதலில் ரிப்பீட் (வாசித்ததைத் திரும்ப வாசிப்பது), காலப்பிரமாணம், கருவி என்று பிரித்துப் பார்த்துவிடுகிறேன். யாருக்கு எந்த இடம் என்பதை அதற்கப்புறம் சொல்கிறேன்.

ஷூபர்ட் இந்தச் சொனாட்டாவை எழுதி முடித்தது 1828 செப்டம்பர் 26. அதே ஆண்டு நவம்பர் 19இல், 31 வயதில் இறந்துபோனார். அச்சில் வந்தது 1839இல். முதல் பகுதியின் தொடக்கத்தில் ஒரு நிதானமான பாட்டு, மிக மெல்லிய சத்தத்தில். எட்டாவது பாரில் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று), பியானோவின் அடி மந்தரத்தில், ஜி ஃப்ளாட் சுரத்தில் ஒரு ட்ரில், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரங்களின் வேகமான படபடப்பு, உறுமுகிறது. அது அடங்கியதும் முழு மௌனம். பிறகு அதே பாட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி தொடங்குகிறது. இந்த இசையைக் கேட்ட யாரும் அந்த ட்ரில்லை மறப்பதில்லை.

சண்டை தொடங்கும் இடமும் கிட்டத்தட்ட அதுதான். முதல் பகுதியின் முதல் 117 பார்களைத் திரும்ப வாசிக்கச் சொல்லி ஷூபர்ட் ரிப்பீட் குறி போட்டிருக்கிறார். திரும்பிப் போவதற்காகவே தனியாக ஒன்பது பார்கள் எழுதியிருக்கிறார். ரிப்பீட் எடுக்காதவர்களின் பதிவில் இந்த ஒன்பது பார்கள் கிடையாது. அவற்றில் என்ன இருக்கிறது? அதுவரை எங்கும் வராத, துண்டு துண்டாகத் தெறிக்கும் ஒரு உருவம். அதன் உச்சியில் அதே ட்ரில், இந்தத் தடவை உச்ச சத்தத்தில். முழுச் சொனாட்டாவிலும் அந்த ட்ரில் கத்தும் ஒரே இடம் அதுதான்.

பிரெண்டல் இந்த ரிப்பீட்டை எடுத்ததில்லை. பல ஆண்டு இடைவெளியில் இதே சொனாட்டாவைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தவர், ஆனாலும் இந்த முடிவிலிருந்து இறங்கி வரவில்லை. காரணத்தை எழுதியும் வைத்திருக்கிறார். அந்த ஒன்பது பார்களின் வெடிப்பு இந்தப் பகுதியின் குணத்தோடு ஒட்டவில்லை, அடக்கத்திலேயே உயிர் வாழும் ட்ரில்லை அங்கே உரக்க ஒலிக்கவிட்டால் அதன் மர்மம் போய்விடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பியானோ கலைஞரான ஆண்ட்ராஸ் ஷிஃப் நிற்கிறார். ஷூபர்ட் எழுதிய பார்களை வெட்ட வாசிப்பவருக்கு உரிமை இல்லை என்பது அவர் கட்சி.

பிரெண்டலின் வாதம் லேசானது அல்ல. அவர் பதிவில் முதல் பகுதி ஒரே வளைவாக ஓடுகிறது; பாட்டும் உறுமலும் நடுவில் முறியாமல் சி ஷார்ப் மைனர் என்ற வேறு சுரவரிசைக்குள் இறங்குகின்றன. இருந்தாலும் நான் ஷிஃப் பக்கம்தான். விதி சம்பந்தப்பட்ட காரணத்துக்காக இல்லை, காதுக்காக. அந்த ட்ரில் ஒரு தடவை கத்திக் கேட்டுவிட்டால், திரும்ப மெல்லியதாக வரும்போது அது வேறு ஒலியாகிவிடுகிறது. முதல் தடவை, தூரத்தில் ஏதோ உறுமுகிறது என்ற அளவில் இருந்தது. இரண்டாம் தடவை அதனால் என்ன செய்ய முடியும் என்று நமக்குத் தெரியும். ஒரு சுரமும் மாறாமல் அர்த்தம் மாறுகிறது. ரிப்பீட் இல்லாத பதிவில் இந்த அனுபவம் கிடைக்க வழியே இல்லை.

அடுத்தது காலப்பிரமாணம். இங்கே பட்டியல் போடுபவர்கள் அடிக்கடி ஒரு கணக்கில் வழுக்குகிறார்கள். ரிக்டர் 1972இல் சால்ஸ்பர்கில் செய்த ஸ்டூடியோ பதிவில் முதல் பகுதி மட்டும் 24 நிமிடத்துக்கு மேல் போகிறது. வில்ஹெல்ம் கெம்ப்ஃபின் 1967 பதிவில் 21 நிமிடத்துக்குச் சற்று மேல். பிரெண்டலிடம் 14, 15 நிமிடம். இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பிரெண்டல் ஓடுகிறார், கெம்ப்ஃப் நடக்கிறார்" என்று தீர்ப்பு எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறு. மொத்தப் பகுதியும் 357 பார்கள். ரிப்பீட் எடுத்தால் அதோடு இன்னும் 125 சேர்கின்றன. பிரெண்டல் அதே வேகத்தில் ரிப்பீட்டும் வாசித்திருந்தால் 19, 20 நிமிடம் ஆகியிருக்கும். அவருக்கும் கெம்ப்ஃபுக்கும் நடை வித்தியாசம் கொஞ்சம்தான். இந்த மூவரில் தனித்து நிற்பவர் ரிக்டர் ஒருவரே.

ஷூபர்ட் தலைப்பில் எழுதியது "மோல்ட்டோ மொடெராட்டோ". மிக மிதமாக என்று பொருள். ரிக்டர் வாசிப்பது மிதம் இல்லை, விளம்பம் என்று எதிர்க்கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும் என்று ரிப்பீட்டுக்காக வாதாடிவிட்டு, வேகத்தில் மட்டும் ரிக்டருக்கு விலக்கு கொடுக்க முடியாது. ரிக்டர் ரசிகர்கள் பலர் இந்த முரணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பதில் சொல்வதில்லை.

அப்படியானால் ரிக்டரை ஒதுக்கிவிடலாமா? கேட்டால் முடியாது, அதுதான் விஷயம். அந்த மெதுவான நடையில் ஒரு இடத்திலும் அவர் தொய்வதில்லை. ஒவ்வொரு சுரமும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டே நகர்கிறது. இடது கையின் எட்டில் ஒரு பங்குச் சுரங்களை அவர் எவ்வளவு சமமாக வைக்கிறார் என்பதை மட்டும் ஐந்து நிமிடம் கவனித்துக் கேளுங்கள். மேலே பாட்டு எவ்வளவு நீண்டாலும் அடியில் அந்த ஓட்டம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 1957இல் மாஸ்கோவில் ரிக்டர் இதை வாசிக்கக் கேட்டவர்களில் பியானோ கலைஞர் க்ளென் கூல்டும் ஒருவர். ஷூபர்ட்டின் நீளமும் திரும்பச் சொல்லலும் பொறுக்காத கூல்ட், அன்று கட்டுண்டு போனதைப் பிறகு ஒரு படத்தில் சொல்லியிருக்கிறார். மெதுவாக வாசித்த எல்லாருக்கும் இது கைவரவில்லை. வலேரி அஃபனாசியெவ் ரிக்டரைவிடவும் மெதுவாக வாசித்தவர்; அங்கே மௌனங்கள் பிரமாதம், பாட்டு மட்டும் அறுந்து அறுந்து போகிறது.

ரிக்டர் கட்சி இன்னொன்றும் சொல்லும்: இது சாவின் விளிம்பில் எழுதிய இசை, அதனால் இப்படித்தான் வாசிக்க வேண்டும். இதை நான் ஏற்கவில்லை. ஷூபர்ட் நோயாளிதான், ஆனால் கடையைக் கட்டிவிட்ட மனிதர் இல்லை. அந்த நவம்பரில்கூட சிமோன் செக்டர் என்ற இசை ஆசிரியரிடம் கவுண்டர்பாயிண்ட் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல பாட்டுகளைப் பின்னும் கலை) படிக்க ஏற்பாடு செய்துகொண்டு ஒரு பாடமும் முடித்திருந்தார். வருங்காலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவரின் இசையில் ஒவ்வொரு பாரிலும் விடைபெறுதலைத் தேடுவது பிற்காலத்தவர் சேர்த்த பாரம்.

கெம்ப்ஃபைப் பிடிக்காதவர்கள், அவரிடம் விரல் வலிமை போதாது, உரத்த இடங்கள் சப்பென்று இருக்கின்றன என்பார்கள். பாதி உண்மை. அந்த ஒன்பது பார்களின் பெரிய ட்ரில் அவர் கையில் நடுங்க வைப்பதில்லை. ஆனால் தொடக்கப் பாட்டை அவ்வளவு இயல்பாகப் பேச வைப்பவர் வேறு யாரும் என் காதுக்குக் கிடைக்கவில்லை. நாண்களுக்குள் மேல் சுரத்தை மட்டும் நூலளவு தூக்கி, மற்றவற்றைப் பின்னால் நிறுத்துகிறார்; சத்தம் கூடாமலே பாட்டு முன்னால் வந்து நிற்கிறது. ரிப்பீட் இருக்கிறது, நடை மிதம், ஒலிப்பதிவும் தெளிவு. முதல் தடவை கேட்பவருக்கு நான் கொடுப்பது இந்தப் பதிவைத்தான். மிட்சுகோ உச்சிடாவின் 1997 பதிவை அதற்கு மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. அவரும் ரிப்பீட் எடுக்கிறார், மெல்லிய சத்தத்தில் அவர் காட்டும் அடுக்குகள் கெம்ப்ஃபிடம்கூட இல்லை. எனக்கு அது சில இடங்களில் அளவுக்கு மேல் யோசித்து வைத்ததாகப் படுகிறது.

ஆர்தர் ஷ்னாபெலின் 1939 பதிவு ஒரு தனி வழக்கு. ஷூபர்ட்டின் சொனாட்டாக்களைப் பெரும்பாலான பியானோ கலைஞர்கள் தொடாத காலத்தில் அவற்றை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அவர். அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் நாலு, நாலரை நிமிடம்தான் தாங்கும். துண்டு துண்டாக வாசிக்க வேண்டும், தப்பு வந்தால் ஒட்டுப்போட வழியில்லை. இன்று வெட்டி ஒட்டிச் சுத்தமாக்கிய பதிவோடு இதை வைத்து, "தப்புச் சுரம் இருக்கிறது, இரைச்சல் இருக்கிறது" என்று மதிப்பெண் குறைப்பது அநியாயம். ரிப்பீட் இல்லை என்ற குறையை மட்டும் சொல்லலாம். அவருடைய இரண்டாம் பகுதியைக் கேளுங்கள்: சி ஷார்ப் மைனரில் இடது கை கீழிருந்து மேலே தாவித் தாவி ஒரே தாளக்கட்டைச் சுற்றிவர, நடுவில் பாட்டு நகராததுபோல நகர்கிறது. அந்தப் பகுதியின் தலைப்பில் உள்ள ஆண்டான்டே என்ற சொல்லுக்கு நடை என்று பொருள் என்பதை அவர் மறக்கவில்லை. இந்தப் பகுதிக்கு என் முதலிடம் இரைச்சலோடு சேர்த்து அவருக்குத்தான்.

கருவி பற்றிய சண்டைக்கு வருவோம். ஷிஃப் 2015இல் வெளியிட்ட பதிவு, 1820 வாக்கில் வியன்னாவில் ஃபிரான்ஸ் பிராட்மான் செய்த ஃபோர்ட்டேபியானோ என்ற பழைய வகைப் பியானோவில் வாசித்தது. மரச்சட்டம், தோல் போர்த்திய சுத்தியல்கள், இன்றைய பியானோவைவிட மிகக் குறைந்த சத்தம். சுத்தியலுக்கும் தந்திக்கும் இடையே துணியை நுழைக்கும் ஒரு பெடல் வேறு. இது அருங்காட்சியக ஒலி என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் அந்த ட்ரில்லைத்தான் போட்டுக் காட்டுவேன். நவீன ஸ்டைன்வே பியானோவில் அது ஒரே உறுமலாகக் கலங்கிப்போகிறது. பிராட்மானில் இரண்டு சுரங்களும் தனித்தனியாகப் படபடப்பது கேட்கிறது. ஷூபர்ட் காதில் கேட்டது ஏறக்குறைய இதுதான் என்ற எண்ணமே எனக்குச் சிலிர்ப்பு. ஆனால் நீளமான பாட்டு வரிகளில் ஒலி சீக்கிரம் அணைந்துவிடுகிறது, அங்கே ஸ்டைன்வே ஜெயிக்கிறது. மூன்றாவது பதிவாகக் கேட்க வேண்டியது இது, முதலாவதாக வேண்டாம்.

பெயரைப் பார்த்து மதிப்பெண் போடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பியானோ கலைஞரின் பெயரில் வந்த சிடிக்கள் விமர்சகர்களிடம் பெரும் பாராட்டைப் பெற்றன. 2007இல் ஒரு ரசிகர் அவற்றில் ஒன்றைக் கணினியில் போட்டபோது, மென்பொருள் அதை இசையமைப்பாளர் லிஸ்ட்டின் படைப்பை லாஸ்லோ சிமோன் வாசித்த பதிவு என்று காட்டியது. கிராமபோன் பத்திரிகை கிளறிப் பார்த்ததில், அந்த வரிசையில் வந்தவை மற்றவர்களின் பதிவுகள் என்று வெளிப்பட்டது. நோயோடு போராடிக்கொண்டே வாசிக்கும் மேதை என்ற கதையோடு சேர்த்துக் கேட்டபோது அதே விரல்கள் ஒரு படி மேலே தெரிந்திருக்கின்றன. ரிக்டர் என்ற பெயருக்கும் அப்படி ஒரு எடை உண்டு. அதனால் இரண்டு பதிவுகளை ஒப்பிடுபவர்கள் பெயரை மறைத்து, இன்னொருவரைப் போடச் சொல்லிக் கேட்பது நல்லது. சத்த அளவையும் சமமாக்குங்கள். கொஞ்சம் உரக்க ஒலிக்கும் பதிவு எப்போதும் நல்ல பதிவுபோலத் தோன்றும்.

மூன்றாம் பகுதியான ஸ்கெர்ட்ஸோவில் பெரிய வழக்கு இல்லை. "நளினத்தோடு" என்று ஷூபர்ட்டே எழுதிவிட்டார், அதைக் கெம்ப்ஃபும் உச்சிடாவும் அழகாகக் காப்பாற்றுகிறார்கள்.

கடைசிப் பகுதியில் மட்டும் நான் கட்சி மாறுகிறேன். அது ஒற்றை ஜி ஆக்டேவில் (ஜி சுரம் இரண்டு ஸ்தாயிகளில் ஒருசேர ஒலிப்பது) தொடங்கி, அந்தச் சுரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஏதோ நினைவு வந்ததுபோல ஆடத் தொடங்கும். ஒவ்வொரு தடவை பாட்டு திரும்பும்போதும் அந்த ஆக்டேவ் குறுக்கே வந்து நிற்கும். ரிக்டர் அதை ஒவ்வொரு முறையும் தீர்ப்புபோல வைக்கிறார். கெம்ப்ஃப் மென்மையாக்கிவிடுகிறார். பிரெண்டலிடம் அது ஒருமுறை கேள்வி, ஒருமுறை குறும்பு, ஒருமுறை அதட்டல். முடிவுக்குச் சற்று முன் அந்த ஜி ஒரு படி இறங்கி ஜி ஃப்ளாட் ஆகும், அப்புறம் எஃப் ஆகும். ஜி ஃப்ளாட், முதல் பகுதியில் உறுமிய அதே சுரம். அந்த இரண்டு இறக்கத்துக்கும் பிரெண்டல் கொடுக்கும் இடைவெளியும், அதற்குப் பின் வரும் பிரெஸ்ட்டோ என்ற அதிவேக முடிவில் அவர் பாய்கிற பாய்ச்சலும் மற்ற யாரிடமும் இந்த அளவுக்கு இல்லை. ரிப்பீட்டை விட்டதற்காக அவரை மொத்தப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுபவர்கள், கடைசிப் பகுதியை மட்டும் தனியாக ஒருமுறை கேட்டுவிட்டு வரட்டும். அப்புறமும் அடிப்பதென்றால் அடிக்கட்டும்.