கேஸ் ஸ்டடியா, களமா? எம்பிஏ வகுப்பில் எது முதலில்?

சென்னையில் எம்பிஏ இடம் தேடும்போது எந்தக் கல்லூரியின் கையேட்டைப் புரட்டினாலும் கேஸ் ஸ்டடி (ஒரு நிறுவனத்தின் நிஜச் சிக்கலை எழுதிக் கொடுத்து வகுப்பில் விவாதிப்பது), களப் பயிற்சி இரண்டுமே இருக்கும். நான் பார்ப்பது, எதற்கு அப்புறம் எதை வைக்கிறார்கள் என்பதைத்தான்.

1921இல் ஒரு காலணி நிறுவனத்தின் சிக்கலை எழுதி அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் தொடங்கிய முறை கேஸ் ஸ்டடி. அதன் பலம் தெரிய வேண்டுமென்றால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு 1993இல் வெளியிட்ட கேஸைப் படிக்கலாம். 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை எப்படி நடக்கிறது என்று ஒரே வகுப்பில் அலசிவிடலாம். நேரில் போனால் அறுவை அரங்குக்குள் யார் விடுவார்கள்?

ஆனால் கேஸில் தேவையான தகவலை வேறு யாரோ பொறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை அனுபவமே இல்லாத பிள்ளைகள் பின்னிணைப்பு அட்டவணையில் விடை தேடுவார்கள். நம்மூர் வகுப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு: விவாதம் ஆங்கிலப் பேச்சுப் போட்டியாகிவிடும், தமிழ் மீடியத்தில் படித்துவந்த கெட்டிக்காரர் கடைசி பெஞ்சில் வாயே திறக்க மாட்டார்.

அவரே கோயம்பேட்டில் வேறு ஆள். விடியற்காலை தக்காளி மண்டியில் போய் "உங்க லாபம் எவ்வளவு?" என்று கேட்டால், "ஏதோ ஓடுதுப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எத்தனை மணிக்குமேல விலையைக் குறைப்பீங்கண்ணே? மிச்சமானா என்ன செய்வீங்க? யாருக்குக் கடன் கொடுப்பீங்க?" என்று கேட்டால்தான் வியாபாரி வாய் திறப்பார். அழுகும் சரக்கை விலை வைத்து விற்பது எப்படி என்பது அங்கே கண்ணெதிரே நடக்கும். இப்படிக் கேட்கத் தெரியாமல் போனால் செல்ஃபியும் ஒரு ரிப்போர்ட்டும்தான் மிச்சம். களம் மட்டும் போதும் என்பவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான்.

ஹார்வர்டே 2011இல் களப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. என் ஓட்டு இரண்டுக்கும் சேர்த்துத்தான், ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஒரு காலை மண்டியில், பிறகு கேஸ், மறுபடியும் மண்டி. கடைசியில் பார்த்ததை மாணவர்களே ஒரு கேஸாக எழுத வேண்டும். எதை விடுவது என்று குழுவுக்குள் வரும் சண்டைதான் இதில் உருப்படியான பாடம். ஆசிரியருக்கு வேலை இரட்டிப்பாகும், அது வாஸ்தவம்.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், சில வருடம் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்குக் கேஸ், பி.காம் முடித்த கையோடு வருபவர்களுக்குக் களம். சேருமுன் சீனியர்களிடம் ஒன்று கேளுங்கள்: களத்துக்குப் போய்வந்த மறுநாள் வகுப்பில் என்ன நடந்தது? "பிபிடி போட்டோம், மார்க் வந்தது" என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.