வில்லிஸ் எம்.பி. ஜீப்: ஒரு மதிப்பாய்வு

இரண்டாம் உலகப் போரின் ஜீப் என்றவுடன் நம் மனக்கண்ணில் எழும் வண்டி பெரும்பாலும் அமெரிக்காவின் வில்லிஸ் ஓவர்லேண்ட் நிறுவனத்தின் வில்லிஸ் எம்.பி. (MB) மாடல்தான். அதை இன்றைய வசதிகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது நியாயமாகாது. 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு அனுப்பிய கோரிக்கையை வைத்தே அதை அளக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் இயக்கம் செல்ல வேண்டும், ஏறத்தாழ 300 கிலோ சுமையைத் தாங்க வேண்டும், ஆனால் வண்டியின் எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது, முதல் மாதிரியை 49 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றது அந்தக் கோரிக்கை. கெடுவுக்குள் விலைப்புள்ளி கொடுத்தவை அமெரிக்கன் பான்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட் ஆகிய இரண்டு நிறுவனங்கள் மட்டுமே.

இத்தகைய வண்டிக்கான தேடல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஜப்பானின் குரோகானே 95-ஆம் வகை 1930-களின் நடுப்பகுதியிலேயே நான்கு சக்கர இயக்கத்துடன் வந்துவிட்டது. அமெரிக்காவில் மார்மன் ஹெரிங்டன் நிறுவனம் ஃபோர்டு லாரிகளை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தது. கேப்டன் ராபர்ட் ஹோவி, இரண்டு பேர் குப்புறப் படுத்தபடி ஓட்டும் இயந்திரத் துப்பாக்கி வண்டி ஒன்றை உருவாக்கினார். எதிரியின் கண்ணில் படாத அளவுக்குத் தாழ்வாக இருந்தாலும், ஸ்பிரிங் ஏதும் இல்லாததால் அது மனிதர்கள் நெடுந்தூரம் போகக்கூடிய வண்டியாக இருக்கவில்லை. தாழ்வும் வேண்டும், உட்கார்ந்து ஓட்டவும் வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் ஜீப்பின் வடிவம் பிறந்தது.

அந்த வடிவத்தை முதலில் கொடுத்தது பென்சில்வேனியா மாநிலம் பட்லர் நகரில் இருந்த பான்டம். நிதி நெருக்கடியில் தவித்த இந்தச் சிறிய நிறுவனம் கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வரவழைத்தது. அவர் சில நாட்களுக்குள் முழு வரைபடத்தையும் முடித்தார். புதிதாக எல்லாவற்றையும் வார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லாததால், ஸ்பைசர் நிறுவனம் ஸ்டூடிபேக்கர் காரின் சக்கர அச்சுகளை மாற்றியமைத்துத் தந்தது. எஞ்சின் கான்டினென்டல் நிறுவனத்திடமிருந்து வந்தது. 1940 செப்டம்பர் 23 அன்று, கெடுவின் கடைசி நாளில், மேரிலாந்தின் ஹோலாபேர்டு முகாமில் மாதிரி வண்டி ஒப்படைக்கப்பட்டது. எடை 830 கிலோவைத் தாண்டியிருந்தபோதிலும், சோதனை செய்த அதிகாரிகள் அதை நிராகரிக்கவில்லை. 590 கிலோ என்ற வரம்பே நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதை அந்த வண்டி ஓடிக் காட்டியது.

அதன் பிறகு நடந்ததை நான் பான்டமுக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே பார்க்கிறேன். பான்டமின் வரைபடங்களை இராணுவம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. பெருமளவில் உற்பத்தி செய்யும் வலிமை பான்டமுக்கு இல்லை என்ற இராணுவத்தின் கவலையில் நியாயம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நவம்பரில் வந்து சேர்ந்த இரண்டு போட்டி மாதிரிகளும் பான்டமின் உருவத்தைப் பெரிதும் ஒத்திருந்தன. மூன்று வண்டிகளையும் உண்மையில் பிரித்துக் காட்டியது எஞ்சின்தான். பான்டமின் எஞ்சினும், ஃபோர்டு தன் டிராக்டரிலிருந்து மாற்றியமைத்த எஞ்சினும் 45 குதிரைத்திறனை ஒட்டியே நின்றன, வில்லிஸின் 2.2 லிட்டர் எஞ்சினோ 60 குதிரைத்திறன் கொடுத்தது. வில்லிஸின் பொறியாளர் டெல்மார் ரூஸ் சாதாரணமான ஒரு கார் எஞ்சினைப் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி இந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். எடை வரம்பு 980 கிலோவாக உயர்த்தப்பட்டபோதும் வில்லிஸ் வண்டி அதைத் தாண்டியே இருந்தது. எடை குறைந்த வேறு எஞ்சினுக்கு மாறாமல், மற்ற உறுப்புகளில் கிராம் கிராமாகக் குறைத்து அவர் வரம்புக்குள் வந்தார். 1941-இல் பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குக் கிடைத்ததில் அந்தப் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி வண்டி எப்படி என்று பார்ப்போம். அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம் மட்டுமே இருப்பதால் குறுகிய பாதையிலும் எளிதாகத் திரும்புகிறது. தரையில் மூன்று நெம்புகோல்கள் உள்ளன: ஒன்று மூன்று கியர்களுக்கு, ஒன்று முன் அச்சை இணைக்க, மற்றொன்று, இரண்டு அச்சுகளுக்கும் இயக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தாழ்விகிதத்தைத் தேர்ந்தெடுக்க. முன் அச்சை இணைக்காமல் தாழ்விகிதத்துக்குப் போக முடியாது. பின் அச்சு மட்டும் முழு முறுக்குவிசையையும் தாங்கி உடைந்துவிடாமல் காக்கும் அருமையான ஏற்பாடு இது. தாழ்விகிதத்தில் முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 26 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும் என்பதால், சேறானாலும் செங்குத்தான மேடானாலும் வண்டி நிதானமாக ஏறிவிடுகிறது. முகப்பு விளக்குகளைப் பின்புறம் மடக்கி, இரவில் எஞ்சினைப் பழுது பார்க்க வெளிச்சமாகப் பயன்படுத்தலாம். களத்தில் வேலை செய்யும் மெக்கானிக்கை நினைத்துச் செய்யப்பட்ட இந்தச் சிறு வசதி எனக்கு மிகவும் பிடித்தது.

குறைகளும் கணிசமானவை. பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. நிரப்புவதற்கு அவர் எழுந்தே ஆக வேண்டும். கதவுகளுக்குப் பதிலாக ஒரு பட்டை மட்டுமே உண்டு. கியர்களின் வேகத்தை ஒத்திசைத்து உரசாமல் இணைய வைக்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியரில் இல்லாததால், ஓடும்போது அந்தக் கியருக்கு மாற்றுவதற்குப் பழக்கம் தேவை. அகலம் குறைவு என்பதால் வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் அபாயம் உண்டு. கடினமான ஸ்பிரிங்கும் மெல்லிய இருக்கை மெத்தையும் சேர்ந்து உடலைக் குலுக்கியெடுக்கின்றன. வால் எலும்புக்கு அருகே சீழ்க்கட்டி வந்து அவதிப்பட்ட வீரர்கள் ஏராளமாக இருந்ததால், அதை 'ஜீப் நோய்' என்றே மருத்துவர்கள் அழைத்தார்கள். ஜெர்மனியின் இராணுவக் காரான கூபல்வாகன் இதைவிட எடை குறைந்தது, பயணத்துக்கு இதமானது. ஆனால் அதற்குப் பின் சக்கர இயக்கம் மட்டுமே உண்டு. இழுவைக்கும் ஏற்றத்துக்கும் நான் வில்லிஸையே தேர்ந்தெடுப்பேன்.

போர் முடிவதற்குள் வில்லிஸும், அதன் வடிவத்தையே உரிமம் பெற்றுத் தயாரித்த ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைக் கட்டின. பான்டம் கட்டியவை 3,000-ஐ எட்டவில்லை. பின்னர் அது ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர்களைத் தயாரித்தது. ஜீப்பைத் தானே உருவாக்கியதாக வில்லிஸ் செய்த விளம்பரத்தை எதிர்த்து அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்து, 1948-இல் பான்டமுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இன்று போர்க்கால ஜீப்பை வாங்க நினைப்பவர்கள், வில்லிஸ் உறுப்புகளும் ஃபோர்டு உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் பல வண்டிகள் கலவையாகவே எஞ்சியிருக்கின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னே சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டகத்தின்) குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ். கவிழ்த்த 'U' வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டுகளிலும் உறுப்புகளிலும் 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்திருக்கும். தகட்டை அழுத்தி எடுத்த ஒன்பது துளைக் கிரில் ஃபோர்டு கொண்டுவந்த சிக்கனமான மாற்றம், அதைப் பின்னர் வில்லிஸும் ஏற்றுக்கொண்டது. எனவே பட்டைகளைப் பற்றவைத்துச் செய்த கிரில் உள்ள வண்டி கிடைத்தால், அது முதல் 25,000 சொச்சம் வில்லிஸ் வண்டிகளில் ஒன்றாக இருக்கக்கூடும், அதன் சேசிஸ் எண்ணைக் கவனமாகச் சரிபார்த்த பிறகே விலை பேசுங்கள்.