வடக்கு மாட வீதியில் ஒரு ஸ்டீல் ஸ்கேல்

ஆவணி கடைசியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் வரிசையாக முளைத்துவிடும். கொலு வைப்பவர்கள் பட்டியலோடு வருவார்கள். நான் சட்டைப் பையில் 6 அங்குல ஸ்டீல் ஸ்கேலோடு போவேன். எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் மொட்டைமாடி அறையில் 4 அடி நீளத்துக்கு ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை எல்லாம் உண்டு. ஆள்தான் நுழைய முடியாது.

பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அளவு சரியில்லாத எதையும் கண்ணால் பார்க்கச் சகிக்காது. அதனால் இந்த விமர்சனமும் அளவைப் பற்றியதாகத்தான் இருக்கும். கொலுவுக்கு வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டு அந்த வியாபாரிகள் மேல் கோபப்பட வேண்டாம். கொலுப்படியில் பிள்ளையார் 1 அடி, பக்கத்தில் யானை அரை அடி என்று இருக்கலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் தேடுவது வேறு.

பொம்மை வீடு சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க அதிகம் பின்பற்றும் கணக்கு 1:12. நிஜத்தில் 1 அடி என்றால் இங்கே 1 அங்குலம். டெல்லி ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த லட்யன்ஸ்தான் 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து ராணி மேரிக்காக ஒரு பொம்மை மாளிகையையும் வடிவமைத்தார். இப்போதும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும், எல்லாம் இதே 1:12தான். அரண்மனைக் கட்டட நிபுணருக்கே அது பொழுதுபோக்கு இல்லை, வேலை என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவருக்குச் சம்பளம் கொடுத்திருப்பாங்க. உங்களுக்கு யாரு கொடுக்கிறது?" என்றாள்.

சரி, கடைக்கு வருவோம்.

முதலில் மாக்கல் சாமான். அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை என்று வைத்திருப்பார்கள். வெளிநாட்டுப் பொம்மை வீட்டுக் கடைகளில் விக்டோரியா காலத்து அடுப்பு முதல் ஜாம் பாட்டில் வரை எல்லாம் கிடைக்கும், ஆனால் ஒரு ஆட்டுக்கல்லுக்கு எங்கே போவது? அந்த ஒரு காரணத்துக்காகவே மாட வீதிக்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வாங்கும்போது குழவியைக் குழிக்குள் விட்டுச் சுற்றிப் பாருங்கள். நல்ல வேலைப்பாடு என்றால் தட்டாமல் சுழலும். அவசரத்தில் கடைந்தது என்றால் குழவி சாய்ந்து நிற்கும், இல்லாவிட்டால் குழி வெறும் பள்ளமாகத்தான் இருக்கும். நிஜ ஆட்டுக்கல் ஒன்றரை அடி அகலம் என்று வைத்தால், உங்களுக்கு வேண்டியது ஒன்றரை அங்குலம். அந்த அளவு தேடினால் கிடைக்கிறது.

அம்மிதான் தகராறு. 3 அங்குல நீளத்தில் விற்கிறார்கள். அதாவது 3 அடி அம்மி. கல்யாண வீட்டுக்கு மசாலா அரைக்கிற சைஸ். ஆனால் மாக்கல் மிருதுவான கல், நகத்தாலேயே கீறலாம். ஹாக்ஸா பிளேடு வைத்துப் பாதியாக அறுத்து, ஈரம் பண்ணின உப்புத்தாளில் ஓரங்களைத் தேய்த்தால் அரை மணி நேரத்தில் சரியான அம்மி தயார். ஈரத்தோடு தேய்ப்பது முக்கியம், அந்தத் தூள் மூக்கில் ஏறக்கூடாது. தேய்த்த பிறகு ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைத்தால் வெளிர்ச் சாம்பல் மறைந்து கருப்பேறி, பல வருடம் புழங்கிய அம்மி மாதிரி ஆகிவிடும். மாக்கல்லுக்கு எண்ணெய் பழக்குவது கல்சட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

பித்தளைக்கு நடைபாதைக் கடைகளை விட, கோயிலைச் சுற்றி உள்ள பாத்திரக் கடைகள் மேல். அண்ணா சாலை பூம்புகாரிலும் நவராத்திரியை ஒட்டிப் பொம்மைக் கண்காட்சி நடக்கும், அங்கே நிதானமாகப் பார்க்கலாம். யாரும் பின்னாலிருந்து இடிக்க மாட்டார்கள். 2 அங்குலக் குத்துவிளக்குதான் நான் இதுவரை வாங்கியதில் அளவு துல்லியமாக அமைந்த பொருள். நிஜத்தில் 2 அடி விளக்கு, கூடத்து மாடத்துக்கு முன்னால் வைக்க வேண்டியது. நாச்சியார்கோயில் பக்கம் காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்க்கிறார்கள். பெரிய விளக்கில் உச்சியில் இருக்கும் அன்னத்தின் இறகைக் கூட எண்ணலாம். 2 அங்குலத்தில் அந்த அன்னம் கோழிக்குஞ்சு போல ஆகிவிடுகிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பார்க்க வேண்டியது அடித்தட்டை. விரலால் தடவினால் வார்ப்பின் பிசிறு தட்டுப்படக் கூடாது. தரையில் வைத்தால் ஆடக் கூடாது. தண்டும் தட்டும் திருகிக் கழற்றும்படி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஆனால் தபரா டம்ளர் செட் வாங்கிவிடாதீர்கள். அழகாக இருக்கும், கை தானாகப் போகும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் டம்ளர் முக்கால் அங்குலம் உயரம். என் வீட்டுக் கணக்குப்படி 9 அங்குல டம்ளர். அதில் காபி குடித்தவன் விடியும்வரை தூங்க மாட்டான். நிஜ டம்ளர் 3 அங்குலம், எனக்கு வேண்டியது கால் அங்குலம், அதை யாரும் செய்வதில்லை. ஃபேன்ஸி கடையில் கம்மல் செய்ய விற்கும் குழாய் மணிகளில் ஒரு ரகம் இருக்கிறது, ஒரு பக்கம் அடைத்து மேலே விளிம்பு வைத்தால் ஒப்பேற்றலாம்.

ஆன்லைனிலும் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். 'பித்தளை அண்டா' என்று போட்டோ. அளவு எங்கும் போடவில்லை, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு கூட வைத்துக் காட்டவில்லை. வந்தது முலாம் பூசின பிளாஸ்டிக். திருப்பி எடுக்க மாட்டோம் என்று ஒரு வரியில் பதில். இந்த மாதிரிப் பொருளை விரலால் தூக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பித்தளை தன் அளவுக்கு மீறிக் கனக்கும், அதுதான் அடையாளம்.

மரச் சொப்புச் சாமானைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அம்பாசமுத்திரம் கடைசல் வேலை, அரக்குச் சாயம், சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் பளபளக்கும். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அது இளகி மரத்தில் ஏறும். அதனால்தான் பிரஷ்ஷில் அடித்த பெயிண்ட் மாதிரி செதில் செதிலாக உரியாது. குடம், சொம்பு, இட்லிப் பானை, அரிவாள்மனை, முறம், ரொட்டிக் கட்டை வரை ஒரு பெட்டியில் வரும். அளவு? குடம் 2 அங்குலம், டம்ளரும் ஏறக்குறைய அதே. என் வீட்டுக்குள் ஒன்றுகூடப் பொருந்தாது. அவை குழந்தையின் கைக்காகச் செய்தவை, பொம்மை வீட்டுக்காக அல்ல. ஒரு செட் வாங்கிப் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அதில் எனக்கு மண் சாம்பார் வைத்துத் தருகிறாள். இதில் ஸ்கேலுக்கு வேலை இல்லை. வாங்குங்கள்.

அப்புறம், தூண். திண்ணைக்கு நாலு தூண் வேண்டும், ஒவ்வொன்றும் 7 அங்குலம். தச்சரிடம் கேட்டால் இந்தச் சில்லறை வேலைக்கு ஆள் கிடையாது என்பார். மரப் பாத்திரம் விற்கும் கடையில் மோர் கடையும் மத்து தொங்குவதைப் பார்த்தேன். மத்தின் தலையில் இதழ் இதழாக வெட்டியிருப்பார்கள் அல்லவா, அதுவே தூணின் போதிகை. தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியை அளவுக்கு நறுக்கினால், கீழே ஒரு சதுரக் கட்டை ஒட்டி நிறுத்திவிடலாம். நாலு மத்து வாங்கினேன். நாலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும் என்று கடையில் இருந்த மொத்தத்தையும் எடுத்து அளந்தேன். "சார், மோர் கடையறதுக்கு எதுக்கு சார் ஸ்கேலு?" என்றார் கடைக்காரர். தூண் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

பொம்மைகளில் மதுரை விளாச்சேரி மண் சரக்கும், பண்ருட்டிப் பக்கத்துக் காகிதக்கூழ்ச் சரக்கும் மாட வீதியில் கலந்தே கிடைக்கும். தட்டினால் தெரிந்துவிடும், காகிதக்கூழ் மங்கலாக ஒலிக்கும், எடையும் இருக்காது. முகம் எழுதுவதில் பண்ருட்டி அக்கா ஒருவர் கடையில் கண்கள் நேர்த்தியாக இருக்கும். ஆனால் காய்கறிக் கடை செட் வாங்குபவர்கள் கவனிக்கவும்: அந்தத் தட்டில் கத்தரிக்காயும் பூசணிக்காயும் ஒரே பருமன். பூசணியை எடுத்துக்கொண்டு கத்தரியைப் பேத்திக்குத் தள்ளிவிடுவது என் வழக்கம். செட்டைப் பிரித்துத் தர மாட்டேன் என்று முதலில் சொல்வார், கடை கட்டும் நேரத்தில் போனால் தருவார்.

வீட்டில் குடியிருப்பது மரப்பாச்சி ஜோடி. மரப்பாச்சி பல உயரத்தில் வரும், ஐந்தரை அங்குலம் தேடி எடுங்கள், ஐந்தரை அடி ஆள். பழைய மரப்பாச்சி செம்மரத்தில் இருக்கும், இப்போது வருவதில் சாயம் போட்ட வேறு மரமும் உண்டு. ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் துணியில் வந்தால் விலையைக் குறையுங்கள். புடவை கட்டுவது சுவாரசியமான கணக்கு. 9 கஜம் என்றால் 27 அடி, அதாவது 27 அங்குலத் துணி, அகலம் 4 அங்குலம். பழைய பட்டுப் புடவையில் கிழித்துக் கட்டினால் கரை முழங்கால்வரை வந்துவிடும். மெல்லிய ரவிக்கைத் துணியில் கால் அங்குல ஜரிகை ரிப்பன் தைத்தால்தான் கரை கரையாகத் தெரியும். இதெல்லாம் மனைவி சொன்னது. அவளுக்கு வீட்டுக்குள் இருக்கிற ஆட்கள் மேல்தான் அக்கறை, சுவர் கோணலாக இருந்தால் கவலை இல்லை.

கொல்லைப்புறம் முழுக்க அவளுடைய ராஜ்யம். கொலுவுக்குப் பார்க் போடுபவர்கள் கேழ்வரகை மணலில் தூவி முளைக்க விடுவார்கள் இல்லையா, அது எங்களுக்கு வயல். 3 அங்குலம் வளர்ந்த கேழ்வரகு முளை 1:12 கணக்கில் 3 அடிப் பயிர், நெல் வயலுக்கு இதைவிடப் பொருத்தம் கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கடுகு போட்டால் இலை அகலமாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். கேழ்வரகை ஓர் இரவு ஊற வைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளை கண்டதும் மணலில் பரப்பினால் ஒரே சீராக எழும்பும். பயிர் ஒரு வாரம் பத்து நாள் நிற்கும், மஞ்சளானதும் மறுபடி விதைக்க வேண்டும்.

மண் துளசி மாடம் 3 அங்குலத்தில் விற்கிறார்கள், அளவு கச்சிதம். ஆனால் அதில் நிஜத் துளசி வைக்க முடியாது. 1 அங்குல இலை இந்த வீட்டில் 1 அடி அகலம் ஆகிவிடும். நர்சரியில் பொடி இலை உள்ள பைலியாச் செடி என்று கேளுங்கள், இலை அரிசி அளவு கூட இருக்காது. ஒரு கிளையை ஒடித்து ஈரமண்ணில் குத்தினாலே வேர் விட்டுவிடும். மரத்துக்கு மினி ஜேட் போதும், தடித்த தண்டு, சின்ன இலை, நுனியைக் கிள்ளக் கிள்ளக் குடை மாதிரி பரவும். தரைக்கு மழைக்காலத்தில் மாடிச் சுவரில் பிடிக்கும் பாசியைப் பட்டைக்கத்தியால் பாளமாக எடுத்து வைக்கிறாள். வெயில் காலத்தில் அது காய்ந்து போகும். அப்போது கொல்லை வறண்டு கிடக்கும், ஊரில் எல்லாக் கொல்லையும் அப்படித்தானே கிடக்கிறது.

மாட வீதியில் வாங்கவே கூடாத ஒன்று பிளாஸ்டிக் தென்னை மரம். 4 அங்குலம். காய்த்துக் குலுங்கும் 4 அடித் தென்னை, பக்கத்தில் நிற்கிற மரப்பாச்சி ஐயாவின் மார்புக்கு வரும். இளநீர் பறிக்கக் குனிய வேண்டும்.

போகிறவர்களுக்கு: மகாளய அமாவாசைக்கு முந்தின வாரமே போய்விடுங்கள், வார நாளில், காலை 11 மணிக்குள். மாலையில் கூட்டம் நெரிக்கும், எதையும் கையில் எடுத்து அளக்க முடியாது. கார் வேண்டாம், மெட்ரோ வேலையால் மயிலாப்பூரில் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். நடைபாதைக் கடைகளில் பேரம் உண்டு, ஆனால் மாக்கல் சாமானுக்கு நான் பேரம் பேசுவதில்லை. அந்த விலைக்கு அந்த உழைப்பே அதிகம். விஜயதசமி முடிந்த மறுநாள் மிச்சச் சரக்கு மலிவாகக் கிடைக்கும், உடைந்ததும் ஒச்சமானதும் அதில் கலந்திருக்கும்.

எனக்கு இன்னும் கிடைக்காதது ஊஞ்சல். கொலு ஊஞ்சல் நிறைய இருக்கிறது, எல்லாம் கிருஷ்ணர் உட்காருகிற மாதிரி வளைவும் பூவேலையுமாக. நான் கேட்பது கூடத்து ஊஞ்சல்: பலகை 6 அங்குலத்துக்கு 2 அங்குலம், நாலு மூலையிலும் பித்தளைக் கொண்டி, சங்கிலியில் கண்ணி தனித்தனியாகத் தெரிய வேண்டும். இந்த வருடம் யாராவது மாட வீதியில் பார்த்தால் எந்தக் கடை என்று சொல்லுங்கள். பலகை தேக்காக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அளவு மட்டும் சரியாக இருக்கட்டும்.